பனங்காட்டு நரி தெரியும்... பனங்காட்டுப் பூனை?

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால், ஊர் போய்ச் சேர்வதற்குள் மாநில எல்லையைப் பல தடவை தாண்டிவிடுவோம். மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. அரியூர் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இது. சாலையின் இருபக்கமும் கரும்பு, நெல், சவுக்கு, மல்லாட்டைக் கொல்லைகள். கிழக்கே போனால் ஊசுட்டேரி. அதற்கும் வடக்கே பூத்துறை, வானூர், திருவக்கரை என்று செம்மண் மேடுகள். காடு என்று யாரும் சொல்லாத நிலம்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்று அறிவியலுக்கு முதன்முதலாகத் தெரிய வந்தது இந்த வட்டாரத்திலிருந்துதான்.

சார்ல்ஸ் பெலாஞ்சே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகப் பாரசீகம் கடந்து இந்தியா வந்தவர். புதுச்சேரியின் அரசுத் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக இருந்தார். 1825 முதல் 1829 வரையிலான அவருடைய பயணத்தில் சேர்ந்த விலங்குகளைப் பாரிஸில் வைத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் இசிதோர் ஜெஃப்ருவா சாந்திலேர். 1831-ல் அவர் ஒரு சின்னப் பூனைக்கு ‘ஃபெலிஸ் ருபிஜினோசா’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் துருப்பிடித்த நிறத்தது என்று பொருள். எங்கே கிடைத்தது என்ற இடத்தில் அவர் குறித்திருப்பது, புதுச்சேரிக்கு அருகே ஒரு குன்றை மூடியிருந்த பனங்காடு.

புதுச்சேரியைச் சுற்றி மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் செம்மண் மேடுகள்தாம். எந்த மேடு என்று அவர் ஊர்ப்பெயர் சொல்லவில்லை. பனையும் செம்மண்ணும் சேர்ந்திருக்கும் மேட்டைத் தேடினால், வானூர்ப் பக்கத்திலும் கண்டமங்கலம் பக்கத்திலும் யாரும் நாலு இடத்தைக் கை காட்டுவார்கள். பனங்காட்டு நரியைப் பழமொழியில் ஏற்றி வைத்திருக்கிறோம். பனங்காட்டுப் பூனையை உலகத்துக்கு அறிமுகம் செய்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒன்றரைக் கிலோ வேட்டைக்காரன்

தமிழில் இதைத் துரும்பன் பூனை என்று எழுதுகிறார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளைத் தவிர வேறு எங்கும் இல்லை. ஆசியாவின் காட்டுப்பூனைகளில் இதுதான் ஆகச் சிறியது. உலக அளவில் இதற்குப் போட்டி தென்னாப்பிரிக்காவின் கருங்கால் பூனை மட்டும்.

தலையும் உடம்பும் சேர்ந்து 35 முதல் 48 சென்டிமீட்டர். வால் அதில் பாதி. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவிலிருந்து 1.6 கிலோ வரை. நன்றாக வளர்ந்த நாட்டுக்கோழி இதைவிடக் கனக்கும். சாம்பல் ஓடிய பழுப்பு உடம்பில், முதுகிலும் விலாவிலும் வரிசை வரிசையாகத் துருநிறப் புள்ளிகள். நெற்றியில் மேல்நோக்கி ஓடும் கோடுகள். கண்ணோரம் வெள்ளைப் பட்டை. காது சின்னது, நுனி உருண்டையாக இருக்கும். வாலில் புள்ளி மங்கிப்போய் இருக்கும். பாதத்தின் அடிப்பக்கம் கறுப்பு. முகத்துக்குப் பொருந்தாத அளவு கண் பெரிதாகத் தெரிந்தால் வியப்பில்லை. இரவில் பிழைக்கும் உயிர் அது.

நம் ஊரில் ‘காட்டுப்பூனை’ என்று பொதுவாகச் சொல்வது வேறொன்றை. நெட்டைக் கால், புள்ளி இல்லாத மேனி, குட்டை வால், காது நுனியில் சிறு முடிக்கற்றை. அது ஏரிக்கரையிலும் கரும்புக் கொல்லையிலும் பட்டப்பகலில்கூடக் கண்ணில் படும். துரும்பன் அப்படி வெளியில் வராது. பகலெல்லாம் மரப்பொந்திலோ அடர்ந்த புதரிலோ பாறை இடுக்கிலோ கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு எலி, தவளை, ஓணான், சின்னப் பறவை, பூச்சி என்று தேடிக் கிளம்பும். மழை விட்ட இரவுகளில் தவளை வேட்டைக்கு வருவதை இலங்கையில் பார்த்திருக்கிறார்கள். மரமும் நன்றாக ஏறும். பனையில் ஓலை வெட்டாமல் விட்டால் காய்ந்த காவோலைகள் பாவாடையாகத் தொங்கும். அதற்குள் அணில், எலி, வௌவால், பனை உழவாரன் என்று ஓர் ஊரே குடியிருக்கும். பெலாஞ்சேயின் காலத்துப் பூனை பனங்காட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

இதன் குணத்துக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. டி.சி. ஜெர்டான், சென்னை ராஜதானியில் நெல்லூரில் மருத்துவராக இருந்தவர். இந்தியாவின் பறவைகளையும் பாலூட்டிகளையும் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். 1846-ல் அவரிடம் ஒரு துரும்பன் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் வளர்ந்து எல்லாருக்கும் செல்லமாகிவிட்டது. எட்டு மாதம் ஆனபோது, ஒரு மான்குட்டி இருந்த அறைக்குள் அதை விட்டுப் பார்த்தார். பார்த்த கணத்தில் பாய்ந்து மானின் பிடரியைக் கவ்விக்கொண்டது. பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். ஒன்றரைக் கிலோகூட இருந்திருக்காது.

எனக்கு அந்தப் பிடரிக் கடியைவிட முக்கியமாகப் படுவது, ஜெர்டான் இந்தப் பூனையின் இருப்பிடத்தைப் பற்றி எழுதியது. கர்நாடகப் பகுதியில், அதாவது இன்றைய வட தமிழக, தென் ஆந்திரச் சமவெளியில், வறண்ட ஏரிகளின் உட்புறத்துப் புல்லிலும் புதர்களிலும், சில சமயம் ஊர்ப்பக்கத்து வடிகால்களிலும் இருக்கும் என்கிறார். பெருங்காட்டில் வாழும் விலங்கு இல்லை என்று கேள்விப்பட்டதையும் சேர்த்திருக்கிறார். ஒரு மருத்துவர் 150 ஆண்டுகளுக்கு முன் கண்டு சொன்னதை நம் பாதுகாப்புத் திட்டங்கள் இன்னும் முழுசாகக் காதில் வாங்கவில்லை.

ஜெர்டான் வரை போவானேன்? குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்துவிட்டதைக் கண்டு வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைக் காட்டுகிறார். அந்த வெருகு துரும்பன்தான் என்று சாதிக்க வரவில்லை. காட்டுப்பூனைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் அது. ஆனால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். குறிஞ்சி மலையில் நிறுத்தவில்லை, வீட்டு வேலியில் நிறுத்துகிறார்.

புலிக்கு வைத்த கேமரா

சமீப காலம் வரை இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் உரியது என்றே நினைத்திருந்தார்கள். பிறகு குஜராத்தின் கிர், மகாராஷ்டிரத்து விவசாய நிலங்கள், உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் என்று வரிசையாகப் பதிவுகள் வந்தன. நேபாளத்துத் தராயிலும் கேமராவில் பதிந்தது. பூனை புதிதாகப் பரவிவிடவில்லை. புலி கணக்கெடுப்புக்காகக் காடு முழுக்கத் தானியங்கி கேமராக்கள் கட்டப்பட்டன. புலியைப் படம் எடுக்கக் காத்திருந்த கேமராவின் முன்னால் இந்தப் பொடியனும் நடந்து போனான், அவ்வளவுதான்.

அப்படிச் சேர்ந்த படங்களை வைத்து இந்தியாவின் சிறு பூனைகளைப் பற்றி 2025-ல் இந்திய வனஉயிரின நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. புலி வாழும் நிலப்பரப்புகளில் காட்டுப்பூனை 96,275 சதுர கிலோமீட்டரிலும், துரும்பன் 70,075 சதுர கிலோமீட்டரிலும் இருப்பதாக அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய செய்திதான். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் புலி கிடையாது; எனவே புலிக் கேமராவும் கிடையாது. பூனையின் பெயர் பிறந்த ஊர் அந்தக் கணக்கெடுப்பின் எல்லைக்கே வெளியே நிற்கிறது. இதை யாருடைய குற்றமாகவும் சொல்லவில்லை. புலியை எண்ணப் போனவர்கள் பனந்தோப்பில் கேமரா கட்ட மாட்டார்கள்.

இதே பூனைக் குலத்தில் மீன்பிடிப் பூனைக்குக் கிடைத்த யோகம் வேறு. அது மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு. ஒடிசாவின் சிலிகா ஏரியில் அதற்கென்றே தனியாகக் கணக்கெடுத்து, 2022-ல் 176 இருப்பதாக அறிவித்தார்கள். புலிகள் சரணாலயத்துக்கு வெளியே, மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு நடந்த கணக்கெடுப்பு அது. ஏரியில் முடிந்தது எங்கும் முடியும்.

கிழக்குக் கரையோரத்தில் துரும்பனுக்கு இன்னொரு உறுதியான முகவரி ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளத்துக்காக ஆள் நடமாட்டம் மட்டுப்படுத்தப்பட்ட அந்தத் தீவில், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்னும் பெரிய அளவில் மிஞ்சியிருக்கிறது. அதே காட்டின் துண்டுதுக்காணிதான் மரக்காணம் சாலையில் புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் தோப்பாக நிற்கிறது. வீரை, பாலை, காசா, நாவல், களா என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மரமும் புதரும் கொடியும். சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் வனச்சட்டம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே காவல் காத்திருக்கிறது.

1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை நிற்க, மழைநீர் அறுத்த ஓடைகளோடு மொட்டையாகக் கிடந்தது. பிறகு அங்கே போனவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, கோயில் தோப்புகளிலிருந்து விதை பொறுக்கிவந்து, உள்ளூர் மரங்களையே வளர்த்தார்கள். காடு திரும்பியது, முள்ளம்பன்றியும் மரநாயும் திரும்பின. புதுச்சேரிப் பக்கத்துக் குன்றில் மறுபடி ஒரு காட்டை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பூத்துறைப் பக்கம் அதே செம்மண்ணைக் குவாரியாக வெட்டி லாரியில் ஏற்றியதையும் இதே தலைமுறைதான் பார்த்திருக்கிறது.

புறம்போக்கு என்றால் இளக்காரம்

கண்டமங்கலம் வட்டாரத்தில் இப்படி ஒரு பூனை பிழைக்க எது தேவை என்று யோசித்தால், விடை தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது: ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், பாட்டை ஓரம், சுடுகாட்டு மேடு, அய்யனார் தோப்பு. யாருக்கும் பட்டா இல்லாத, யாரும் உழாத இடங்கள். நம் பேச்சில் புறம்போக்கு என்பது வசைச்சொல்லாகிவிட்டது. எலிக்கும் பூனைக்கும் கீரிக்கும் நரிக்கும் அதுதான் சொந்த நிலம்.

அந்த நிலத்துக்கு என்ன நடக்கிறது? ஏரியைத் தூர்வாருகிறார்கள்; நல்ல காரியம். தூர்வார வந்த பொக்லைன், வண்டல் அள்ளுவதோடு நிற்காமல், கரையின் புதரையெல்லாம் ஒரே நாளில் மழித்துவிட்டுப் போகிறது. கரை ‘சுத்தமாக’ இருந்தால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு. சீமைக்கருவேலத்தை அழிப்பதிலும் இதே அவசரம். அது நிலத்தடி நீருக்கும் உள்ளூர்ச் செடிகளுக்கும் எதிரி என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வேறு புதர் எதுவும் இல்லாத கரையில், இன்றைக்கு அந்தச் சின்ன உயிர்கள் ஒண்டியிருப்பது அந்த முள்ளுக்குள்தான். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் களாவையும் காரையையும் சூரையையும் முளைக்கவிட்டு, அதன் பிறகு அடுத்த பகுதிக்குப் போனால் யாருக்கும் நட்டமில்லை. ஒப்பந்தக்காரருக்கு மட்டும் கொஞ்சம் நாளாகும்.

பனை விஷயத்தில் அரசு விழித்துக்கொண்டது. 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில், மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். பனை விதைகள் லட்சக்கணக்கில் விநியோகம் ஆயின. அதே ஆண்டு டிசம்பரில், வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேர் பரப்புள்ள கழுவேலி பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. ஊசுட்டேரியை இரண்டு மாநிலங்களும் பறவைகளுக்காகப் பாதுகாக்கின்றன. பறவைக்கென்று காப்பாற்றிய நாணலும் கரையும் பூனைக்கும் கிடைத்த நிழல்தான். மறுக்கவில்லை. சரணாலயம் முடிந்து கொல்லை தொடங்கும் இடத்தில்தான் தொல்லையும் தொடங்குகிறது.

முதல் தொல்லை நாய். ஊருக்கு ஊர் பெருகிவிட்ட தெருநாய்கள் இரவில் கூட்டமாக வயலுக்குப் போகின்றன. ஒன்றரைக் கிலோ உயிர் அந்தக் கூட்டத்தின் முன் என்ன செய்யும்? வீட்டுப் பூனைகளிடமிருந்து தொற்றுநோய் ஒட்டலாம். அவற்றோடு கலப்பு நடப்பதாகவும் ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். அடுத்தது சாலை. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை கண்டமங்கலம் வழியாகத்தான் போகிறது. முன்பு இரண்டு லாரி ஒதுங்கினால் போதும் என்றிருந்த தார்ச்சாலையைத் தாண்டிய பூனை, இப்போது நடுச்சுவர் வைத்த அகலச் சாலையைத் தாண்ட வேண்டும். சாலைக்கு அடியில் நீர் போக வைக்கும் குழாய்ப் பாலங்களில் ஓரமாக ஒரு முழம் உலர்ந்த திட்டு விட்டாலே சின்ன விலங்குகள் அந்த வழியாகப் போகும். அதற்குப் பெரிய செலவு இல்லை. வரைபடம் போடும்போதே யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

எலி மருந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் புரோமடியோலோன் போன்ற மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை. ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துச் சாகடிக்கும். அந்தச் சில நாளில் சோர்ந்து வெளியில் திரியும் எலிதான் ஆந்தைக்கும் பூனைக்கும் சுலபமாக அகப்படும். விஷம் வயிறு மாறும். எலியைப் பிடிப்பதில் இந்த மாவட்டத்துக்கு வேறு கைத்திறன் இருந்தது. இருளர்கள் வரப்பில் வளை பார்த்து, பானையில் புகை மூட்டி ஊதி, எலியோடு அது சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். மருந்து வைத்த வயலில் அவர்களுக்கும் வேலையில்லை, பூனைக்கும் வேலையில்லை.

பூனையால் விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஷோமிதா முகர்ஜி குழுவினர் செய்த ஆய்வில், நம் காட்டுப்பூனை ஒன்று ஒரு நாளைக்கு 3 முதல் 5 எலி வரை பிடிக்கும் என்று மதிப்பிட்டார்கள். துரும்பன் அதைவிடச் சின்னது. ஆனால் அதுவும் எலி தின்றே வளர்கிறது. கோழிக்குஞ்சு ஒன்றிரண்டைத் தூக்கும், உண்மைதான். வெடையைத் தூக்கிக்கொண்டு போக அதற்குத் தெம்பு கிடையாது. கூண்டைச் சாயங்காலமே சாத்தினால் தீர்ந்தது.

பிராங்பர்ட்டில் பார்க்கலாம்

ஒரு வேடிக்கை. ஜெர்மனியின் பிராங்பர்ட் விலங்கியல் பூங்காவில் துரும்பன் பூனைகளைப் பல ஆண்டுகளாக இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். அவை இலங்கைக் கிளையினம். அங்கே ஒரு பூனை 18 வயது வரை உயிரோடு இருந்தது. 2018-ல் பி.பி.சி. தன் ‘பிக் கேட்ஸ்’ தொடரில் இலங்கையில் எடுத்த காட்சியைப் போட்டதும், உலகம் முழுக்க ‘ஐயோ, எவ்வளவு அழகு’ என்று உருகியது. ஆக, பிராங்பர்ட் பள்ளிப் பிள்ளைகள் பார்த்த அளவுக்குக்கூடப் புதுச்சேரிப் பிள்ளைகள் இதைப் பார்த்திருக்க வழியில்லை.

அந்த உருகலில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘வளர்க்கலாமா?’ என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் இந்தியத் துரும்பன் முதல் இணைப்பில் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ல் இதை ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்ற நிலையில் வைத்தது. அதற்கு முன் இன்னும் மோசமான நிலையில் வைத்திருந்தார்கள். நிறைய இடங்களில் புதிதாகத் தென்பட்டதால் ஒரு படி இறக்கினார்கள். வாழிடம் கூடிவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை.

சட்டம் தெரிந்தும் தவறு நடப்பதற்கு நல்ல மனசும் காரணமாகிவிடுகிறது. அது நடக்கும் இடம் கரும்புக் கொல்லை.

தாய் சுமார் 65 முதல் 70 நாள் சினையாக இருந்து ஒன்று முதல் மூன்று குட்டி போடும். பிறக்கும்போது குட்டி 60, 70 கிராம்தான். உள்ளங்கையில் இரண்டை வைக்கலாம். மேனியில் கறுப்புப் புள்ளி வரிசை இருக்கும். வளர்ந்த பிறகுதான் அது துருநிறமாகும். முற்றிய கரும்புக்குள் ஆள் நுழைவதில்லை, வெயில் இறங்குவதில்லை, கீழே சோகை மெத்தையாகக் கிடக்கிறது, எலிக்குப் பஞ்சமில்லை. மகாராஷ்டிரத்தில் இத்தகைய கொல்லைகளில் துரும்பன் குட்டிகள் அடிக்கடி கிடைக்கின்றன. வெட்டு ஆள்கள் ஒரு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வரவர, தாய் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிடும்; கடைசிச் சில பாத்தியில் கண் திறக்காத குட்டிகள் அகப்படும். புள்ளியைப் பார்த்துச் சிறுத்தைக் குட்டி என்று ஊரே கூடும். போன், போட்டோ, ஆளாளுக்குப் பால். பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தாய் அநாதையாக விட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். தாயோ பக்கத்துக் கொல்லையில் இருட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

புனே மாவட்டம் ஜுன்னரில் வனத்துறையும் மாணிக்டோ மீட்பு மையத்தை நடத்தும் ‘வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.’ அமைப்பும் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறார்கள். சிறுத்தைக் குட்டிகளுக்குச் செய்து பழகியதை இந்தச் சின்னப் பூனைகளுக்கும் செய்கிறார்கள். குட்டிக்குக் காயம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அன்று மாலையே, கிடைத்த அதே இடத்தில், மேலே திறந்த ஒரு பெட்டியில் வைப்பார்கள். ஆள்கள் விலகிக்கொள்வார்கள். தள்ளி ஒரு கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். இரவு தாய் வந்து பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாக எடுத்துப் போகும். வராவிட்டால் மறுநாள் இரவும் முயல்வார்கள்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. கரும்பு விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்டுவதில்லை. எந்தக் கொல்லையை எந்த நாளில் வெட்டுவது என்று ஆலை முறை வைத்து ‘கட்டிங் ஆர்டர்’ தருகிறது. ஆலையின் கரும்பு அலுவலரிடம் பட்டியலே இருக்கும். அந்த ஆர்டரோடு வனச்சரக அலுவலகத்தின் போன் நம்பரும் நாலு வரியும் சேர்த்துக் கொடுத்தால் போதும்: குட்டி கிடைத்தால் தொடாதீர்கள், பால் ஊற்றாதீர்கள், அந்தப் பாத்தியை மட்டும் நாளைக்கு வைத்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள், எங்களுக்குப் போன் செய்யுங்கள். அரைவை தொடங்குவதற்கு முன் வெட்டு மேஸ்திரிகளை ஒரு மணி நேரம் கூட்டிப் பேசினால் இன்னும் நல்லது. அச்சுக்கூலி மட்டுமே செலவு. கண்டமங்கலத்துக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில் மாநிலம் மாறிவிடும் என்பதால், அந்த நாலு வரியின் கீழே புதுச்சேரி வனத்துறையின் நம்பரையும் போட்டுவிட வேண்டும்.